ஒருவிரலார்: ஊருக்கு ஒரே வீடு

மாடும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில் சண்டையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சு புரிந்ததால்தான் சண்டையே வந்தது. "காலையில உழவு, சாயங்காலம் வண்டியா? எனக்கு என்ன ரெண்டு கழுத்தா இருக்கு?" என்று காளை கேட்கும். "தின்கிற வாய் ஒண்ணுதானே, அது ஓயுதா?" என்று உழுகிற சம்சாரி திருப்பிக் கொடுப்பான். பொழுது சாயும், வயல் அப்படியே கிடக்கும். எறும்பு களத்து நெல்லில் பங்கு கேட்கும். காக்கை கூரைமேல் உட்கார்ந்துகொண்டு வழக்குப் பேசும்.

நடுவில் நின்று பேசி முடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையை நெடுங்கரைக் கண்மாயை ஒட்டி வாழ்ந்த அண்ணன் தம்பி ஐந்து பேர் செய்தார்கள். ஐந்து வீடு, முற்றம் ஒன்று. யார் வீட்டு அடுப்பில் குழம்பு கொதித்தாலும் ஐந்து வீட்டுக்கும் வாசம் போகும், கொஞ்ச நேரத்தில் குழம்பும் போகும். குடும்பப் பெயர் என்று ஒன்று அப்போது அவர்களுக்குக் கிடையாது. தரகு வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும், அது போதுமாக இருந்தது.

மூத்தவன் சடைமாயன். அவனுக்கு மீசை அரும்புமுன்பே அப்பனும் ஆத்தாளும் போய்விட்டார்கள். கடைக்குட்டி இருளப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற மூன்று பேரையும் பின்னால் நடக்கவிட்டு, சந்தை சந்தையாக அலைந்து வயிறு கழுவினான். அடி வாங்கினான், ஏமாந்தான், பிறகு யாரும் ஏமாற்ற முடியாத ஆளாக ஆனான். மூக்கின் நுனியில் கோபம். யார் என்ன விலை சொன்னாலும் காது கேட்குமுன் கை அதைக் குறைக்கும். கடவுளே வந்து வரம் தருகிறேன் என்றாலும், "சரி, கடைசியாச் சொல்லு" என்று கேட்பான் என்று தம்பிகள் சிரிப்பார்கள். அவனுக்கு ஒரே ஆசைதான். அந்த முற்றத்திலிருந்து ஒரு வீடும் பிரியக்கூடாது.

தரகு நடக்கும் விதம் இது. கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. வெளியே நிற்பவன் ஆயிரம் கண் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. காளைக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் அதற்கு மேல் அது கேட்க முடியாது. மாட்டுப் பேரம் சீக்கிரம் முடிவதற்கு அதுவே காரணம் என்பார்கள்.

அதற்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. கொடுப்பது யார், வாங்குவது யார், பேசும் பொருள் என்ன என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே துண்டு விழ வேண்டும். துண்டு விழுந்துவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. துண்டை உதறிவிட்டால் பேச்சு முடிந்தது, திரும்பப் போடக் கூடாது. இதற்கெல்லாம் மேலாக, தரகன் தன் காரியத்துக்குத் தானே கைநீட்டக் கூடாது. சொந்தக் காரியத்தில் கை நடுங்கும் என்பதால் வேறொருவன் நடுவில் நிற்க வேண்டும்.

ஒருநாள் ஒரு காளைக்கும் சம்சாரிக்கும் சடைமாயன் பேசி முடித்தான். நாளுக்கு இரண்டு உழவு என்று முடிந்தது. சாயங்காலமே காளை நொண்டிக்கொண்டு வந்தது.

"தரகரே, கால்ல முள்ளு தச்சிருக்கு. அந்தப் பேச்சை ஒண்ணாக் குறைச்சு மறுபடி போடுங்க."

"துண்டை உதறியாச்சு, போ."

"நீங்க மனசு வச்சா..."

"மனசை வீட்டுல வச்சுட்டுத்தான் நான் சந்தைக்கே வர்றேன். உதறினா உதறினதுதான்."

காளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. இதை நினைவில் வையுங்கள்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கண்மாய் குட்டையாகி, குட்டை சேறாகி, சேறு ஓடுஓடாக வெடித்தது. பறவைகள் சொல்லாமலே போய்விட்டன. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வீடாகக் கதவைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். தரகு வீட்டில் மட்டும் யாரும் அசையவில்லை.

"அண்ணே, ஆளுக்கொரு திசையாப் போயி, மழை பெய்ஞ்சதும் வந்துரலாம்," என்றான் இரண்டாமவன்.

"போனவன் வரமாட்டான். போன இடத்துல ஒரு கிணறு இருக்கும், ஒரு மாமனார் இருப்பாரு, கால் நட்டுக்கும். இந்த முத்தத்தை விட்டு எவன் இறங்கினாலும் காலை ஒடிச்சுருவேன்."

இருளப்பனின் மனைவி வெள்ளையம்மாள் நிறைமாதம். உதடு வெடித்து, பேசினால் ரத்தம் கசிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் வெறும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் சடைமாயனால் தாங்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினான். இருளப்பன் பின்னாலேயே ஓடினான்.

நடுக்கண்மாயில் குத்திய கடப்பாரை ணங் என்று எகிறியது. சேற்றுக்கடியிலிருந்து ஒரு கறுத்த ஆமை தலையை நீட்டியது.

"மெதுவாய்யா. அது கல்லு இல்ல, என் முதுகு."

"தண்ணி எங்க?"

"எனக்குக் கீழ. ஊத்துக்கண்ணை நான்தான் அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இல்லாட்டி இந்த வெயில் அதையும் குடிச்சுரும்."

"நகரு."

"நகர்றேன். அதுக்குத்தான் உங்க ஆள் யாராவது வரட்டும்னு காத்திருக்கேன். ஆனா ஊத்துக்குன்னு ஒரு நியாயம் இருக்கு. இந்தப் பூமிக்கு அடியில எல்லா ஊத்தும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். ஒண்ணு ஒப்புக்கிட்டதை எல்லாம் காப்பாத்தும். அதனால முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு..."

"எங்கிட்டயே நியாயமா? நான் பேசி முடிச்ச பேரத்துல உன் ஓடு நிறைஞ்சு போகும். கையை நீட்டு."

இருளப்பன் அண்ணனின் முழங்கையைத் தொட்டான். "அண்ணே, பொருள் சொல்லலையே. நடுவுல ஒரு ஆளும் வேணும். நம்ம காரியம்ணே இது. ரெண்டாவது அண்ணனைக் கூட்டிட்டு வர்றேன்."

"எனக்கே தரகனா? நீ வாயை மூடிட்டு நில்லு."

துண்டு விழுந்தது.

ஆமையின் முன்காலில் ஐந்து நகம். ஐந்தையும் விரித்து அவன் உள்ளங்கையில் வைத்தது. ஐந்து.

சடைமாயன் உள்ளுக்குள் சிரித்தான். ஐந்து ஆடு கேட்கிறது போல. வீட்டுக்கு ஒன்றாக மிஞ்சியிருந்தது ஐந்து ஆடு. சேற்றில் கிடக்கிற ஆமைக்கு வந்த பேராசையைப் பார். இரண்டு நகத்தை மடக்கி மூன்றை நீட்டினான். ஆமை காலை உருவிக்கொண்டு மறுபடியும் ஐந்தையும் வைத்தது. அவன் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தான், காறித் துப்பினான், இந்தச் சரக்கே வேண்டாம் என்பதுபோல எழப்போனான். சந்தையில் எத்தனையோ பேரை இப்படி இறக்கியிருக்கிறான். ஆமை மூன்றாம் தடவையும் ஐந்தை வைத்தது. இந்தத் தடவை கால் நடுங்கியது. நடுங்குகிற கை இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். நான்கு நகத்தையும் அழுத்தி மடக்கிவிட்டு ஒரே ஒரு நகத்தை மட்டும் பிடித்தான்.

ஆமை அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தது. துண்டு விழுந்த பிறகு பேசக் கூடாது. அவன் கண்ணை உருட்டினான். ஆமை தலையைத் தாழ்த்தி ஒப்புக்கொண்டது.

சடைமாயன் துண்டை உதறித் தோளில் போட்டான். "பார்த்தியாடா? அஞ்சு சொன்னதை ஒண்ணுல முடிச்சேன். இருக்கிறதுல கிழட்டு ஆடாப் பார்த்து ஓட்டிட்டு வா."

"ஆடு எதுக்கு?" என்று ஆமை கேட்டது.

"நீ கேட்ட விலைக்கு."

"நான் எதையும் கேக்கலையே. நான் கொடுத்தேன். ஒரு தண்ணியில உங்க ரத்தத்துல எத்தனை வீடு வாழலாம்கிறதுதான் பேச்சு. அஞ்சு வீடுன்னு நீட்டினேன்."

சடைமாயன் தோளில் கிடந்த துண்டை இழுத்தான்.

"தம்பிமாரைத் தள்ளிட்டு உன் வீட்டுக்கு மட்டும் கேக்கிறியேன்னு எனக்கு மனசே ஒப்பல. அதனாலதான் திருப்பித் திருப்பி அஞ்சைக் கொடுத்தேன். நீதான் மடக்கினே."

"காலை நீட்டு. மறுபடி போடுவோம்."

"போட்டா நிக்குமா?"

"நிக்கும். நான் சொல்றேன்ல. அஞ்சு வேண்டாம், நாலு போடு. மூணு போடு."

முதல்முறையாக அவன் வாயிலிருந்து கெஞ்சல் வந்தது. அதற்குள்ளும் பேரம் இருந்தது.

"அந்தக் காளைகிட்ட நீ என்ன சொன்னே?" என்றது ஆமை. குத்திக்காட்டவில்லை. தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டது. "நீ அன்னைக்குச் சொன்னது ஊத்துக்கும் கேட்டுச்சு. இனி என் கையில இல்ல." அதன் கண் நிறைந்து வழிந்தது. காலை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு நகர்ந்துபோனது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

ஆமை இருந்த குழியில் தண்ணீர் பொங்கியது. பளிங்குத் தண்ணீர். ஐந்து வீட்டுப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள். சடைமாயனின் மனைவி முதலில் முகந்தாள், குடம் நிறைந்தது. வெள்ளையம்மாள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் சரசரவென்று மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அவள் எழுந்து விலகியதும் மேலே வந்தது. மூத்தவள் தன் குடத்திலிருந்து வெள்ளையம்மாளின் குடத்துக்கு ஊற்றிப் பார்த்தாள். அடி ஈரம் ஆகுமுன்பே காய்ந்தது.

"ஏதாவது செய்யுங்க மச்சான்," என்றாள் வெள்ளையம்மாள். வாழ்நாளில் சடைமாயனிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. நான்கு வீடும் போய்விட்டால் மிஞ்சிய வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும். நிறைமாதக்காரியால் நெடுந்தூரம் நடக்க முடியாது. "இருளப்பன் வீடு இங்க இருக்கட்டும். மத்தவங்க கிளம்புங்க," என்றான் சடைமாயன். எவன் இறங்கினாலும் காலை ஒடிப்பேன் என்றவன் முதலில் இறங்கினான்.

தம்பிகள் யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பிரிப்பதற்குச் சொத்து ஒன்றும் இல்லை. துண்டை ஐந்தாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். இருளப்பன் தன் பங்கை வாங்கும்போது, தோளில் தூக்கிவந்த நாளில் பிடித்ததுபோல அண்ணனின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சடைமாயன்தான் விரல் விரலாகப் பிரித்து விடுவித்தான்.

வழியில் அந்தக் காளை நின்றது. "போகுது பாரு, ஒருவிரலார் குடும்பம்," என்று கேலியாகத்தான் சொன்னது. சொல்லி முடித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு அதுவும் யாரோடும் பேசவில்லை. அந்தப் பெயரை அண்ணன் தம்பிகள் மறுக்கவில்லை. இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் முகம் தெரியாமல் ஒரே ஊரில் போய்க் குடியேறிவிட்டால் கிணறு வற்றிவிடுமே. பெயர் இருந்தால் கேட்டுவிட்டு விலகிப் போகலாம்.

இரண்டாமவன் மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சுனையோரம் தங்கினான். அடுத்தவன் கிழக்கே உப்புக்காற்று அடிக்கும் ஊரில். நாலாமவன் தெற்கே, பனங்காட்டுக்கு நடுவில். அவர்கள் பிள்ளைகள் வளர்ந்தபோது ஒருவன் வீட்டில் இருந்தான், மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு தாய் வாசலில் நின்று, எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

சடைமாயனின் மனைவி இறந்த பிறகு அவன் எந்த ஊரிலும் வீடு கட்டவில்லை. கண் மங்கிய வயதில், நல்ல வெயிலில், ஏதோ ஒரு ஊர்க் கிணற்றடியில் வந்து உட்கார்ந்தான். ஒரு பெண் நீர் இறைத்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

"யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?"

"ஒருவிரலார் வீடு தாத்தா. எங்க அப்பா பேரு இருளப்பன்."

கண்மாய் நிறைந்து, கரை உயர்ந்து, மரம் வளர்ந்து, நெடுங்கரையே அவனுக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது. சற்றுத் தள்ளி அந்த முற்றம். அதில் ஒரு வீட்டுக்குத்தான் கூரை இருந்தது. மற்ற நான்கும் குட்டிச்சுவர்.

"நீங்க யாரு தாத்தா?"

ஒரு வாய் குடித்தால் இன்னொரு வீடாகக் கணக்கில் சேருமா, சேராதா? கேட்கலாமென்றால் ஆமை பேசுவதை விட்டிருந்தது. சடைமாயன் சொம்பை இறக்கினான். அவள் பார்க்காத பக்கம் தண்ணீரை மண்ணில் ஊற்றினான்.

"வழிப்போக்கன்மா," என்றான். "அப்பன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்." எழுந்து நடந்தான்.

இன்றும் ஆமை மனிதனைக் கண்டால் காலை உள்ளே இழுத்துக்கொள்வது அன்றைய பழக்கம்தான். ஒருவிரலார் வீடு எந்த ஊரிலும் ஒன்றுக்குமேல் இல்லாமல் போனதும் அன்றிலிருந்துதான். போன இடத்தில் தன் குடும்பப் பெயரையே இன்னொருவர் சொல்லக் கேட்டுவிட்டால், அந்த வீட்டு ஆட்கள் கையில் வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டு, உறவு என்னவென்று கேட்காமலே எழுந்து போய்விடுகிறார்கள்.