மயிலுக்கு ஒரு பிடி

ஏகாம்பரம் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார்.

தலையும் ஒரு தோளும் குகைக்குள்ளே. கால்கள் இரண்டும் வெளியே. நடுவில் இருந்தது எந்தப் பக்கமும் போவதாக இல்லை.

அந்தக் குகையில் ஒரு விளக்கு உண்டு. மலையடிவாரத்து மடத்துக்குச் சொந்தமான விளக்கு. தினமும் விடிந்ததும் ஒருவர் ஏறிப்போய், இரண்டு பாறைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டிவிட்டு வர வேண்டும். கார்த்திகை தீபத்தன்று உள்ளே போய் ஏற்றுகிறவருக்கே அடுத்த கார்த்திகை வரை அந்தப் பொறுப்பு. மடத்தின் வழக்கம் அது. பல வருஷமாக அது ஏகாம்பரத்திடம் இருந்தது. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மடத்துச் சாப்பாடு அவர் உடம்போடு நன்றாக ஒத்துப்போயிற்று.

அன்று எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு வேலப்பன் முன்னால் உள்ளே போயிருந்தான். அவனும் சீடன்தான். தாடி நரைக்கத் தொடங்கியும் சேட்டை போகாதவன். யார் குரல் வேண்டுமானாலும் அவன் தொண்டையில் கிடைக்கும்.

குகைக்குள்ளிருந்து குருவின் குரல் வந்தது.

"ஏகாம்பரம், வயித்தை வெளியே வச்சுட்டு நீங்க மட்டும் உள்ளே வாங்க."

"சரி சாமி... எப்படி சாமி?"

வெளியே, அவருடைய கால் பக்கத்தில், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"நான் இங்கே இருக்கேன்," என்றார் குழந்தைச்சாமி.

குகைக்குள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

குழந்தைச்சாமிதான் குரு. ஏகாம்பரத்தைவிடச் சில வயது சின்னவர். பேச்சு குறைவு. அவர் வெளியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார். வேலப்பன் உள்ளிருந்து தள்ளினான்.

"மூச்சை விடுங்கண்ணே. அப்பத்தான் அசைவீங்க."

"விட்டா திரும்ப உள்ள வர இடமில்லைடா!"

ஒருவழியாக வெளியே வந்தார். வயிற்றில் தோல் உரிந்திருந்தது. விளக்கை வேலப்பன் ஏற்றினான்.

இறங்கும்போது ஏகாம்பரம் குருவின் பக்கத்திலேயே நடந்தார்.

"சாமி, அந்த விளக்கு என்னை விட்டுப் போயிடக் கூடாது."

"ஏன்?"

"மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நான் வாழைத்தார் ஏலம் கூவினவன். எனக்கு இந்த வாய் ஓயாது. பேசும். பேசலைன்னா மெல்லும். அந்தக் குகைக்குள்ள போனா மட்டும் கம்முனு இருக்கு. அந்தக் கொஞ்ச நேரம்தான் சாமி எனக்கு..."

என்னவென்று சொல்லத் தெரியாமல் நிறுத்தினார்.

"கார்த்திகை வரட்டும்," என்றார் குரு.

அப்போது சித்திரை மாதம்.

ஏகாம்பரம் விரதம் தொடங்கினார். சும்மா விரதம் இல்லை. வேளைக்கு ஒரு தம்ளர் நீர்மோர். அதிலும் உப்பு கிடையாது. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் இவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். கன்னம் ஒட்டியது. இடுப்பு வேட்டியை இரண்டு முறை இறுக்க வேண்டியிருந்தது. வைகாசி முடிவதற்குள் ஒரு நாள், பாறை இடுக்கில் நுழைந்தார். நுழைந்தே விட்டார்.

மடத்தில் யார் எந்த விரதத்தை முடித்தாலும் பாரணை உண்டு. விரதம் முடித்தவரை நடுவில் உட்கார வைத்து, எல்லோரும் பரிமாறி, வயிறார உண்ண வைப்பார்கள். மடத்துச் சமையல் செல்லத்தாயி. பாரணை என்றால் அவளுக்குக் கல்யாணம் மாதிரி.

"ஐயா ஐயா, கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கே. சாப்பிடுங்க. கூட ஒரு வடை. அட, நான் போட்டதைத் தள்ளாதீங்க, எனக்குப் பாவம் வந்து சேரும்."

பாவம் வந்து சேரக் கூடாது என்று ஏகாம்பரம் சாப்பிட்டார்.

விரதம் இருந்த மனிதர் என்று ஊரிலும் பேச்சுப் பரவியது. வந்தவர்களெல்லாம் அவரைக் கும்பிட்டு ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அதிரசம். ஒருவர் பலாச்சுளை. 'இத்தனை நாள் பட்டினி கிடந்தோமே' என்று அவரும் சாப்பிட்டார்.

ஆடி மாதம் மறுபடியும் சிக்கிக்கொண்டார்.

வேலப்பன் அவர் காலைப் பிடித்தபடியே சொன்னான். "விரதம் இருந்தது நீங்க. பலன் வடைக்குப் போயிடுச்சுண்ணே."

"நீ இழுடா."

"கார்த்திகைக்கு நான்தான் போல. எனக்கு அந்த வேலையே வேண்டாம்ண்ணே. அதுக்குள்ள போய் என்ன பேசினாலும் சிரிக்க ஒரு ஆள் இல்லை."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் குருவிடம் போனார். குழந்தைச்சாமி கொல்லையில் உட்கார்ந்து தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எனக்கு உடம்பைக் குறைக்கத் தெரியுது. குறைச்சதை அப்படியே வச்சுக்கத் தெரியலை."

குரு ஈர்க்கைக் கீழே வைத்தார். எழுந்து மலையேறினார். ஏகாம்பரம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார்.

"நில்லுங்க," என்றார் குரு, பாறை இடுக்கின் முன்னால். "எவ்வளவு இடிக்குது?"

ஏகாம்பரம் பக்கவாட்டில் நின்று பார்த்தார். "ஒரு விரற்கடை இருக்கும் சாமி. மிஞ்சினா ரெண்டு."

"பாறை கேட்கிறது ஒரு விரற்கடை. நீங்க எதுக்கு முழம் முழமா இறக்கி, முழம் முழமா ஏத்துறீங்க?"

ஏகாம்பரம் இடுக்கில் விரலை வைத்து அளந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது, சமையலறைக்கு மேலே சரிவில் இருந்த ஒரு தட்டைப் பாறையைக் குரு காட்டினார். அதன் மேல் ஒரு மயில் நின்றது. தோகை பாதி உதிர்ந்த கிழட்டு மயில்.

"சாப்பாட்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி, இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துக்குங்க. அந்தப் பாறையில் கொண்டுபோய் அதுக்கு வைங்க. வந்து மிச்சத்தைச் சாப்பிடுங்க."

"அவ்வளவுதானா சாமி? நான் மோரைக் குடிச்சுக் கிடந்தவன். கடுசா ஏதாவது சொல்லுங்க."

"கடுசா கிடக்க உங்களுக்குத் தெரியும். அதை நான் சொல்லித் தர வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?"

குரு காதில் வாங்காதவர்போல இறங்கிப் போனார்.

மத்தியானம் ஏகாம்பரம் ஒரு பிடி சோற்றோடு எழுந்தபோது பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இதுல மயில்தான்ணே குண்டாகும்," என்றான் வேலப்பன்.

பாறை கிட்டத்தில் இல்லை. சரிவில் ஏறி, மயில் பக்கத்தில் வரும்வரை நின்று, வைத்துவிட்டு இறங்கி வர நேரமாயிற்று. வந்து பார்த்தால் இலையில் முதலில் வைத்த சோறு மட்டும் இருந்தது. சாம்பார் வாளி பந்தியின் கோடிக்குப் போய்விட்டது. அப்பளக் கூடையில் தூள் கிடந்தது.

"செல்லத்தாயி, இன்னும் கொஞ்சம்..."

"பாத்திரத்தைக் கழுவப் போட்டாச்சே ஐயா. சாயங்காலப் பந்திக்குக் கூடவே வைக்கிறேன்."

சாயங்காலப் பந்தியிலும் மயிலுக்குப் போய் வந்தார். அப்போதும் வாளி போய்விட்டது.

சில நாள் இந்த ஏற்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. பிடியைச் சின்னதாக்கிப் பார்த்தார். மயில் அதைத் தின்றுவிட்டு நகராமல் நின்று அவர் கையையே பார்த்தது. மறுநாள் பழைய அளவுக்கே எடுத்துக்கொண்டார். குருவோ எதையும் கேட்கவில்லை. விளக்கேற்ற தினமும் வேலப்பனே குகைக்குப் போய்வந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. ஓட்டின் மேல் தண்ணீர் கொட்டிற்று. ஏகாம்பரம் இலைமுன் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார்.

"இந்த மழையில் மயிலாவது வர்றதாவது," என்று சொல்லிக்கொண்டு சோற்றில் கை வைக்கப் போனார்.

வெளியே மயில் அகவியது.

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். ஒரு பிடியை எடுத்து, மேல்துண்டால் மூடிக்கொண்டு ஓடினார். பாறையில் மயில் இல்லை. எங்கேயும் இல்லை. சோற்றைப் பாறையின் மறைவில் வைத்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தார்.

வாசல் தூணுக்குப் பின்னாலிருந்து வேலப்பன் தலையை நீட்டினான். கழுத்தை வளைத்து, அதே குரலில் இன்னொரு முறை அகவினான்.

பந்தியே சிரித்தது. ஏகாம்பரம் ஈரத்தோடு குருவின் முன்னால் போய் நின்றார்.

"பாருங்க சாமி. இவன் என்னை ஏமாத்திட்டான்."

"பிடிச்சோறு எங்கே?"

"பாறையில வச்சுட்டேன்."

"அப்புறம் என்ன?" என்றார் குரு. ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

கார்த்திகை வந்தது.

தீபத்தன்று காலை மடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே ஏறினார்கள். செல்லத்தாயி அடுப்பைத் தணித்துவிட்டு வந்திருந்தாள். வேலப்பன் எண்ணெய்த் தூக்கை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தான்.

"சிக்கினா சொல்லுங்கண்ணே. விளக்கெண்ணெயும் கொண்டு வந்திருக்கேன், தடவி இழுத்துடலாம்."

ஏகாம்பரம் ஒட்டிப்போகவில்லை. கன்னம் கன்னமாகத்தான் இருந்தது. ஊரில் யாராவது பார்த்தால் இளைத்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அவருக்கே நம்பிக்கை இல்லை. தோளை நுழைத்தார். தலையை நுழைத்தார். மூச்சை விட்டார். வயிற்றுப் பக்கம் பாறை உரசியது. ஒரு கணம் நின்றார்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலப்பன்கூட.

பிறகு கால்களும் உள்ளே போய்விட்டன.

வெகுநேரம் சத்தமே இல்லை. பாறை இடுக்கில் மெல்ல மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

வெளியே வந்தபோது ஏகாம்பரத்தின் கண் கலங்கியிருந்தது. குகையிலிருந்து நாலு அடி தள்ளி வந்ததும் பேச்சு வந்துவிட்டது.

"பார்த்தியா வேலப்பா? நுழைஞ்சேனா இல்லையா? இந்த வருஷமும் விளக்கு என்னுதுதான். பாறையே வழி விட்டுச்சு, பார்த்தியா?"

கீழே வரும் வரை பேசிக்கொண்டே வந்தார்.

செல்லத்தாயி நடுவில் பெரிய இலையாகப் போட்டு வைத்திருந்தாள். சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதந்தது. வடை கூடை நிறைய இருந்தது. அவள் கரண்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க ஐயா. இத்தனை மாசமா நீங்க வாளியைத் தேடித் தேடி ஏமாந்ததை நான் பார்க்கலைன்னு நெனச்சீங்களா? இன்னைக்கு வாளி உங்களைத் தேடி வரும்."

ஏகாம்பரம் உட்கார்ந்தார். குருவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் வேலப்பன்.

பொங்கல் விழுந்தது. வடை விழுந்தது. இன்னொரு வடை விழுந்தது.

ஏகாம்பரம் கைகூப்பினார்.

"சாமி, நீங்க சொன்ன விரதம் நல்லபடியா முடிஞ்சது. பாரணைக்கு உத்தரவு கொடுங்க."

குரு இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

வெளியே மயில் அகவியது.

ஏகாம்பரம் தலையை நிமிர்த்தாமலே சிரித்தார். "டேய் வேலப்பா, இன்னைக்கு உன் வித்தை பலிக்காது."

மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். எதிரே வேலப்பனின் வாயில் முழு வடை இருந்தது. பேச முடியாமல், இரண்டு கையையும் விரித்து, 'நான் இல்லை' என்று தலையை ஆட்டினான்.

மயில் மறுபடியும் அகவியது. சரிவுப் பக்கமிருந்து.

"சாமி," என்றார் ஏகாம்பரம், மெதுவாக. "அதான் முடிஞ்சுடுச்சே."

"அப்படியா?" என்றார் குரு. "போய் அதுகிட்டே சொல்லிட்டு வாங்க."

ஏகாம்பரம் இலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, எங்கே போறீங்க? பொங்கல் ஆறிடும்!" என்று செல்லத்தாயி கூவினாள்.

அவர் சரிவில் ஏறினார், குகைக்குள் இருப்பதுபோல வாய் கம்மென்று இருக்க.