ஆள்காட்டி ஏன் மரத்தில் அமர்வதில்லை

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, அவற்றுக்கு வரியும் இருந்தது.

நெடுங்கரை ஏரி என்று ஓர் ஏரி. அதன் நடுவிலும் கரையோரத்திலும் கடம்ப மரங்கள் தோப்பாக நின்றன. நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று எல்லாப் பறவைகளும் அந்த மரங்களில் கூடு கட்டி வாழ்ந்தன. இன்று நாம் ஆள்காட்டி என்று சொல்கிறோமே, வயல் வரப்பில் குச்சிக்கால்களால் ஓடும் பறவை, அதுவும் அப்போது மரத்தில்தான் இருந்தது. கிளையில் உட்காரும், கூடு கட்டும். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதற்கு அப்போது வேறு பெயர் இருந்தது. அது என்ன பெயர் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

வரி என்றால் குச்சி. கோடை இடிமழை தொடங்கும் முன், பங்குனி அமாவாசைக்குள், ஒவ்வொரு கூடும் நாற்பது குச்சி கொடுக்க வேண்டும். பெரிய கடம்பின் கவட்டையில் அவற்றைக் குவித்து வைப்பார்கள். காற்றில் யாருடைய கூடாவது கலைந்தால், அந்தக் குவியலிலிருந்து எடுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். எப்போதோ ஒரு சூறைக்காற்றில் அறுபது கூடுகள் ஒரே நாளில் போய், குஞ்சுகள் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தவர்கள் அழுதுகொண்டே செய்த ஏற்பாடு அது. வரி கொடுக்காதவர்கள் தோப்பை விட்டுப் போக வேண்டும் என்பதையும் அன்றைக்கே சேர்த்திருந்தார்கள்.

கூழைக்கடாவின் கூட்டில் ஐந்நூறு குச்சி இருக்கும். ஆள்காட்டியின் கூட்டில் அறுபதுதான். இருவருக்கும் வரி நாற்பது. இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. குச்சி எடுக்க வடகரையில் முள்காடு இருந்தவரை யோசிக்க வேண்டியும் வரவில்லை.

சிட்டாயி நான் சொன்ன அந்த ஆள்காட்டி இனத்தவள். அவள் புருஷன் மருதன். கரையோரக் கடம்பில், தண்ணீருக்கு மேலாக நீண்ட ஒரு தாழ்ந்த கிளையில் அவர்களுடைய கூடு இருந்தது. அந்த வருஷம் கூட்டில் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள் போட்ட முட்டைகள்.

அதே வருஷம் மாசியில் வடகரை முள்காடு தீப்பிடித்தது. மூன்று நாள் எரிந்து சாம்பலாகிவிட்டது. இனிமேல் குச்சி வேண்டுமென்றால் மலையடிவாரம் வரை பறக்க வேண்டும். பெரிய இறக்கைக்காரர்கள் பறந்தார்கள். மருதனும் பறந்தான். முதல் நாள் பொழுதெல்லாம் அலைந்து ஆறு குச்சி கொண்டுவந்தான்.

"ஒரு நாளைக்கு ஆறுன்னா, ஏழு நாள்ல முடிஞ்சிரும். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. நீ முட்டையைப் பாரு," என்றான்.

மறுநாள் போனவன் திரும்பவில்லை. அடுத்த கிளையில் குடியிருந்த நீர்க்காகம் கருப்பாயி மத்தியானம் வந்து உட்கார்ந்தாள்.

"சிட்டாயி, மருதன் வரமாட்டான்டி. வழியில வல்லூறு அடிச்சிருச்சாம். நாரைங்க பார்த்திருக்காங்க."

சிட்டாயி முட்டைகளின் மேல் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தாள். அழுதால் உடம்பு அசையும், முட்டை உருளும் என்று அழாமல் இருந்தாள்.

நாட்கள் போயின. அவளால் மலைக்குப் போக முடியாது. முட்டையை விட்டு அரைநாள் அகன்றால் காகம் விடாது. கையில் இருப்பது ஆறே குச்சி. அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கருப்பாயியை முட்டைக்குக் காவல் வைத்துவிட்டு, பெரிய கடம்பில் கூடியிருந்த சபைக்குப் போனாள்.

சபைத் தலைவர் செங்கால் நாரை. வயதானவர், கெட்டவர் இல்லை. சிட்டாயி அவர் முன்னால் கிளையில் நின்றாள்.

"ஐயா, இந்த ஒரு வருஷம் எனக்கு வரியை விட்டுக் கொடுங்க. அவர் வரி குச்சிக்குப் போனப்பதான் செத்தாரு. குஞ்சு பொரிச்சு மேல வந்ததும், அடுத்த வருஷம் எண்பதாவே குடுத்துடறேன்."

தலைவருக்குக் கண் கலங்கியது.

"நியாயமாத்தான் கேக்கறா. விலக்கு கொடுக்கலாம்னு நான் நினைக்கறேன். யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

அதுதான் தவறாகப் போயிற்று. எல்லோரும் சொன்னார்கள்.

"அவளுக்கு விட்டா எனக்கும் விடணும். என் வீட்டுக்காரிக்கு இறக்கை ஒடிஞ்சு கிடக்கு," என்றது ஒரு கொக்கு.

"முட்டை வெச்சிருக்கறவங்களுக்கு விலக்குன்னு ஆரம்பிச்சா, இந்த மாசத்துல யார்கிட்டதான் முட்டை இல்லை?" என்றது இன்னொன்று.

"எங்க கூடு மரத்து உச்சியில. முதல் காத்தை நாங்கதான் வாங்கறோம். எங்களுக்குப் பாதி போதும்னு எத்தனை வருஷமா கேக்கறோம்?"

பேச்சு வளர்ந்தது. அப்போது அரிவாள்மூக்கன் எழுந்தான். சபையில் அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"விலக்கைப் பத்தி நிதானமா பேசுவோம். நான் ஒண்ணு சொல்றேன். வரி கொடுக்க வர்றப்போ, மனசிருக்கறவங்க நாற்பதோட இன்னொரு குச்சி சேர்த்து வைக்கட்டும். கட்டாயம் கிடையாது. அதைத் தனியா ஒரு கிளையில வெச்சு, இந்தப் பொண்ணு மாதிரி கஷ்டப்படறவங்களுக்குக் கொடுப்போம்."

எல்லாரும் இறக்கையை அடித்து வரவேற்றார்கள். இவ்வளவு நல்ல யோசனை இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லையே என்று பேசிக்கொண்டார்கள். சிட்டாயியும் நன்றியோடு தலை தாழ்த்தினாள். பிறகு ஒருவர், அந்தக் குச்சிகளை எந்தக் கிளையில் வைப்பது என்று கேட்டார். ஏற்கெனவே வரி கொடுத்துவிட்டவர்கள் மறுபடி வர வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். கஷ்டப்படுகிறவர்கள் என்றால் யார், யார் அதைச் சொல்வது என்று மூன்றாமவர் கேட்டார். வெயில் இறங்கியது. சபை மறுநாளைக்கு ஒத்திப் போனது.

மறுநாள் கிளை முடிவாயிற்று. காவலுக்கும் ஆள் முடிவாயிற்று. தலைவர் விலக்கைப் பற்றிப் பேச வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து மதகுப் பக்கமிருந்து கூச்சல் வந்தது. கெண்டை மீன்கள் கூட்டமாக மேலே வந்திருந்தன. கோடையில் அது அபூர்வம். பல கூடுகளில் பசியோடு குஞ்சுகள் இருந்தன. பாதிச் சபை அப்போதே பறந்துவிட்டது.

"நாளைக்கு முதல் வேலையா உன் விஷயம்தான், தாயி," என்று சொல்லிவிட்டுத் தலைவரும் போனார். கருப்பாயியும் தன் குஞ்சுகளுக்காக மதகுக்குப் போக வேண்டியிருந்ததால் சிட்டாயி அவசரமாகக் கூட்டுக்குத் திரும்பினாள்.

அடுத்த நாள் அமாவாசை. காலையிலேயே காற்றில்லாமல் புழுங்கியது. வரி வாங்கும் பொறுப்பு கூழைக்கடா குப்பண்ணனுக்கு. ஒவ்வொரு கூடாகப் போய், தன் அலகுப் பையில் குச்சிகளை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தான். உச்சிவேளைக்குச் சற்று முன்னால் சிட்டாயியின் கிளைக்கு வந்தான்.

"சபையில என்ன ஆச்சு அண்ணே?"

"இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க. நீ பொறு தங்கச்சி. மத்த கூட்டையெல்லாம் பார்த்துட்டுச் சாயங்காலம் கடைசியா உன்கிட்ட வர்றேன்."

"சாயங்காலம் மறுபடி நாளைக்குன்னுட்டா?"

அவன் அலகுப் பையிலிருந்த குச்சிகளைக் குலுக்கிச் சரிசெய்தான்.

"நாளைக்கு அமாவாசை தாண்டிரும். தோப்பை விட்டுப் போன்னு ஒருத்தர் சொன்னாலும் போயாகணும். நாலு முட்டையை நான் எதுல வெச்சுத் தூக்கிட்டுப் போவேன் அண்ணே?"

குப்பண்ணன் தண்ணீரைப் பார்த்தான்.

சிட்டாயி எழுந்தாள். ஒரு பக்கத்து விளிம்பிலிருந்து ஒரு குச்சியை இழுத்தாள். அடுத்ததை இழுத்தாள். இழுக்க இழுக்கக் கூடு தளர்ந்தது. முட்டைகளை நடுவில் நெருக்கி ஒதுக்கிவிட்டு மறுபடி இழுத்தாள். குப்பண்ணன் அலகைத் திறந்து வைத்திருந்தான். எண்ணவும் செய்தான். முப்பத்து நான்கு வரை கூட்டிலிருந்து வந்தது. பிறகு மருதன் கொண்டுவந்த ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றாக, அவன் பையில் போட்டாள்.

"நாற்பது," என்றான் குப்பண்ணன். "காத்து வந்துச்சுன்னா…"

"காத்துல கலைஞ்சா குவியல்லேர்ந்து குடுப்பீங்கதானே?"

"காத்துல கலைஞ்சா குடுப்போம். தானா பிரிச்சதுக்குக் குடுக்கறதில்லை. அப்படித்தான் வெச்சிருக்காங்க."

அவள் மிச்சமிருந்த இருபத்தாறு குச்சியின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தாள். அவன் போனான். அந்த அலகை மூடியிருந்தால் போதுமே என்று பின்னாளில் அவன் பலரிடம் சொல்லி அழுதிருக்கிறான்.

பெரிய கடம்பில் சபை அன்று சொன்னபடியே சிட்டாயியின் விஷயத்தை முதலில் எடுத்தது. எடுத்தும் மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் எல்லோரும் ஒரே மனதாகச் சொன்னார்கள்: துணையை இழந்து முட்டையோடு இருப்பவர்களுக்கு வரி கிடையாது. அது மட்டுமல்ல, பேச்சோடு நிற்க வேண்டாம், இப்போதே ஆளுக்கு ஒரு குச்சி கொண்டுபோய் அவளிடம் கொடுப்போம் என்றான் அரிவாள்மூக்கன். ஒவ்வொருவரும் தங்கள் கூட்டிலிருந்து நல்லதாகப் பார்த்து ஒரு குச்சி உருவினார்கள். இருநூறு பறவைகள் அலகில் குச்சியோடு கிளம்பின.

அப்போதுதான் மேற்கே கறுத்தது. கோடைக் காற்று சுழன்று அடித்தது. குச்சியோடு பறக்க முடியாமல் எல்லோரும் வழியிலிருந்த மரங்களில் ஒண்டினார்கள். கொஞ்ச நேரம்தான். ஒரு கடம்பு முழுக்கப் பூ உதிர்க்கும் நேரம்கூட இருக்காது. காற்று நின்றதும் மறுபடி பறந்தார்கள்.

தாழ்ந்த கிளையில் கூடு இல்லை. சிட்டாயி தண்ணீருக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். கருப்பாயி முங்கி எழுந்து, மறுபடி முங்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கிளைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். அலகில் குச்சி இருந்ததால் யாராலும் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியவில்லை.

வெகுநேரம் கழித்து கருப்பாயி ஒரே ஒரு முட்டையோடு மேலே வந்தாள். அது உடையவில்லை. சில்லிட்டிருந்தது. அதைக் கரையில், கூழாங்கற்கள் கிடந்த ஒரு பள்ளத்தில் வைத்தாள். சிட்டாயி இறங்கி வந்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

அவள் அங்கேயே இருந்தாள். பத்து நாள், இருபது நாள். குஞ்சு வரும் நாள் வந்து, அதையும் தாண்டிப் போனது. பங்குனி போய் சித்திரை பாதியாயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றுக்கடியில் அந்த முட்டை வெயிலில் சுட்டதே தவிர அசையவில்லை.

பறவைகள் குச்சியோடு வந்துகொண்டே இருந்தன. முதலில் அரிவாள்மூக்கன்தான் நெருங்கினான். "சின்னதா ஒரு கூடு கட்டித் தர்றோம், தாயி," என்றான். சிட்டாயி அவனைப் பார்த்துக் கத்தினாள். அவள் இனத்தில் யாரும் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. ஏரியின் மறுகரை வரை கேட்டது. அவன் குச்சியைத் தூரத்தில் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். மற்றவர்களும் அங்கேயே போட்டார்கள். அந்தக் குவியல் வளர்ந்தது. அவள் அதிலிருந்து ஒன்றைக்கூடத் தொடவில்லை.

தலைவர் நாரையே ஒருநாள் நடந்து வந்தார்.

"உனக்கு விலக்கு கொடுத்தாச்சும்மா. ஆயுசுக்கும் உன்கிட்ட வரி கேக்க மாட்டோம்."

"என்கிட்ட இனிமே எடுக்க என்னங்கய்யா இருக்கு?" என்றாள்.

அவர் நின்றார். பிறகு திரும்பி நடந்தார். அந்த வருஷம் அவர் சபைக்கு வரவில்லை.

குப்பண்ணன் வெறும் அலகோடு வந்தான். அவனைப் பார்த்தும் அவள் கத்தினாள். அவன் திட்டு வாங்குகிறவனைப் போல அந்தக் கத்தல் முடியும் வரை நின்று கேட்டுவிட்டுப் போனான்.

கடைசியில் ஒருநாள் காலையில் அவளே எழுந்து, முட்டையைக் கால்களால் மண்ணும் கல்லும் தள்ளி மூடினாள்.

அடுத்த வருஷம் வேறு ஏரியிலிருந்து அவள் இனத்தான் ஒருவன் வந்தான். அவனோடு சேர்ந்தாள். அவன் நல்லவன். கடம்பில் ஒரு கிளையைப் பார்த்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை.

"கூடு வேண்டாம்," என்றாள்.

"அப்ப முட்டையை எங்க வைக்கறது?"

"தரையில. விழறதுக்கு இடமில்லாத இடத்துல."

"மழை வந்தா?"

"நனையட்டும்."

"யாராவது மிதிச்சுட்டா?"

"மிதிக்க விடமாட்டேன். கத்துவேன்."

இருவருமாகச் சில கூழாங்கற்களைப் பொறுக்கி ஒரு வட்டமாக வைத்தார்கள். அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் தரையிலேயே நடந்தன, தரையிலேயே தூங்கின. கிளையைப் பிடித்து உட்கார அவற்றுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கால்களும் அதை மறந்துவிட்டன.

அன்று முதல்தான் ஆள்காட்டிக்கு மரமும் இல்லை, கூடும் இல்லை. வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு விழித்திருக்கிறது. யார் காலடி கேட்டாலும், எடுக்க வருகிறார்களா கொடுக்க வருகிறார்களா என்று அது பார்ப்பதில்லை. எழுந்து பறந்து கத்துகிறது.