அர்சேனியின் ஏப்ரன்

"பயமா இருக்கு சாமியாரே. அது போக ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் கேப்டன் மாஷான். மாண்டினீக்ரோ மலைப்பாதைகளில் முதலில் அவர் மீசை வளைவில் திரும்பும்; கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் திரும்புவார். ராஜாவின் படையில் அதிகாரியாக இருந்தவர். ராஜா கப்பலேறிப் போய்விட்டார்; நாட்டைப் பக்கத்து நாடு விழுங்கிவிட்டது. அன்றைக்கே துப்பாக்கியோடு மலையேறிக் கலகக்காரர் ஆனார்.

சாமியார் அர்சேனிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். குகைக்குள் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அந்த மலை எப்படிப்பட்ட செங்குத்து என்றால், ஆடுகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டுதான் ஏறும். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

"எதுக்குப் பயம் கேப்டன்? சாவுக்கா?"

"சாவா? அது இத்தனை வருஷமா என் போர்வைக்குள்ளதான் படுக்குது. குறட்டைகூட விடும்."

"அப்புறம் என்ன?"

கீழே பனிமூட்டத்துக்குள் நாய்கள் குரைத்தன. பட்டாளத்து நாய்கள்.

"பீரங்கியை மேலே ஏத்திட்டாங்க. காலையில ஒண்ணு சுட்டுப் பார்த்தாங்க. எங்க குகையே தலையில கொட்டுச்சு."

"தெரியும். என் மாவுலயும் கல்லு விழுந்துச்சு."

"சொல்லி அனுப்பியிருக்காங்க. மதியம் கோயில் மணி அடிச்சு ஓயறதுக்குள்ள துப்பாக்கியைப் போட்டுட்டு இறங்கினா, என் ஆளுங்க வீட்டுக்குப் போகலாம். விசாரணை எனக்கு மட்டும். இறங்கலைன்னா பீரங்கி."

"ஆளுங்க எத்தனை பேர்?"

"இருபது. ஒருத்தன் பனியில வெறுங்காலோட நிக்கிறான். இறங்குங்கடான்னா இறங்க மாட்டேங்கிறானுங்க. நான் முன்னால போனாத்தான் வருவானுங்களாம்."

"போங்களேன்."

"எப்படிப் போறது?" கேப்டன் குரல் இறங்கியது. "நம்ம வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாதவர்களுக்காக நான் சொல்கிறேன். அந்த நாட்டில், சண்டையில் முதுகு காட்டினவனை யாரும் அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். அடுப்படியில் பெண்கள் கட்டும் ஏப்ரன் ஒன்றை அவன் இடுப்பில் கட்டி, ஊர் முன்னால் நிறுத்துவார்கள். அவ்வளவுதான். செத்தவனைக்கூட அங்கே மறந்துபோவார்கள். ஏப்ரன் கட்டினவனை மறக்க மாட்டார்கள்.

"பெரிஷான்னு ஒருத்தன்," என்றார் கேப்டன். "போர்ல குண்டு தீர்ந்துபோச்சுன்னு திரும்பி வந்தான். நான்தான் கட்டிவிட்டேன், என் கையால. எல்லாரும் சிரிச்சாங்க. சாயங்காலம் தனியா எதிரி குண்டுக்கு நேரா ஓடினான். காத்துல அந்த ஏப்ரன் படபடன்னு..."

"உம்."

"இப்ப கண்ணை மூடினா வருது, சாமியாரே. ஏப்ரன் மட்டும் வருது. உள்ளே ஆளே இல்லை."

அர்சேனி கையை உதறினார். இடுப்பிலிருந்த சாக்குத்துணி ஏப்ரனை அவிழ்த்தார். மாவும் கரியும் அப்பிய துணி. அதை நீட்டினார்.

"கட்டிக்கோங்க. மாவு நிறைய கிடக்கு. எனக்கு ஒரு கை குறையுது."

கேப்டன் துள்ளி எழுந்தார். கைத்துப்பாக்கி வெளியே வந்துவிட்டது.

"யாருகிட்ட விளையாடுற?"

குழல் சாமியாரின் நெற்றிக்கு நேராக இருந்தது. நேராக என்று சொல்வதுகூடப் பொய். அது கிடுகிடுவென்று ஆடியது.

"சுடறதுன்னா சீக்கிரம் சுடுங்க. மாவு புளிச்சுடும்."

"அந்தத் துணியை எடு அப்பால!"

"இருபது பேருக்கு ரொட்டி போடணும்." அர்சேனி துணியை நீட்டியபடியே நின்றார். "எங்க கொண்டுவரட்டும், அதை மட்டும் சொல்லுங்க. அவங்க வீட்டுக்கா, குழிக்கா?"

கேப்டன் தன் ஆட்கள் இருந்த மேல்குகைப் பக்கம் பார்த்தார்.

கீழே மணி அடிக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு அடியும் பனியில் ஊறி, மெதுவாக மேலே வந்தது. எங்கோ ஒரு பாறையில் பீரங்கிச் சக்கரம் உராய்ந்தது. மேல்குகையில் யாரோ ஒருவன் இருமினான். வெறுங்கால்காரனாக இருக்கலாம்.

கேப்டன் துப்பாக்கியை மாவுப் பலகையில் வைத்தார். துணியை வாங்கினார்.

இடுப்பில் சுற்றினார். முடிச்சுப் போடப் பார்த்தார். விழவில்லை. இன்னொரு தடவை.

அர்சேனி பின்னால் வந்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார்.

"பயம் போச்சா கேப்டன்?"

"இல்லை. கூடியிருக்கு."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இறுக்கிக் கட்டுங்க, சாமியாரே. பின்னால இருபது பேர் வர்றானுங்க. இறங்கற வழியில காத்து பலமா அடிக்குது."