ஓர் அடி எடுத்து வைக்காத மான்

தாமரைக்குளத்தின் தென்கரையில் ஒரு நாவல் மரம். கிளை முழுக்கக் குரங்குகள். மரத்தடியில் மான், பன்றி, கீரி, முயல் என்று ஒரு பெருங்கூட்டம். எல்லார் முகத்திலும் ஒரே கவலை. எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி!

ஆட்டம் என்றால் கால்பந்து. காய்ந்த சுரைக்குடுக்கைதான் பந்து. குளத்துக்கு நாலு கரை, கரைக்கு ஓர் அணி. தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனி முடிவதற்குள் ஒவ்வோர் அணியும் பன்னிரண்டு ஆட்டம் ஆட வேண்டும்.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் குளம் வற்றி, மூன்று கரைக்காரர்களுக்குத்தான் தண்ணீர் காணும். அதனால் கடைசியாக வருகிற அணியின் கரைக்காரர்கள் சித்திரையும் வைகாசியும் குளத்துப் பக்கமே வரக்கூடாது. ஓடையைத் தாண்டி, கீழ்மடுவில் போய்த்தான் குடிக்க வேண்டும். கீழ்மடுவில் முதலை இருக்கிறது.

தென்கரை அணி இதுவரை கடைசியாக வந்ததே இல்லை. இந்த வருஷம் ஒரே ஒரு வெற்றி. வடகரைக்காவது இரண்டு இருந்தது.

"எல்லாம் அந்த உடும்பால வந்த வினை!" என்று மேலிருந்து கத்தினான் கூத்தையன். குரங்குக் கூட்டத்தின் தலைவன் அவன். ரசிகர்களுக்கும் அவன்தான் தலைவன். அவனைத் தலைவனாக்கியது யார் என்று கேட்காதீர்கள். உரக்கக் கத்துகிறவன் தானாகவே தலைவனாகிவிடுவான், அவ்வளவுதான்.

உடும்பு என்று அவன் சொன்னது கோச் சடையனை. அதிகம் பேசாத ஆள். பேசினாலும் சின்னக் குரல். ஆட்டத்தின்போது அவன் ஓரமாக நின்று, "இடம் விட்டு நகராதே! பந்தைக் கொடு!" என்று சொல்வான். மரத்திலிருந்து நாற்பது குரங்குகள், "ஓடு! ஓடு! அடி! அடி!" என்று அலறும். ஆடுகிறவன் காதில் எது விழும்? நீங்களே சொல்லுங்கள்.

சடையன் வருவதற்கு முன் தென்கரையின் ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? பந்து எங்கே போகிறதோ அங்கே ஏழு பேரும் ஓடுவார்கள். பன்றிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முயல் தனியாக ஓடி, தனியாக அடித்து, தனியாக மூச்சு வாங்கும். கோல்கீப்பர் எறும்புத்தின்னியோ, பந்து பக்கத்தில் வந்தாலே பயந்து சுருண்டுகொள்ளும். அதன் ஓட்டில் பட்டுப் பந்து திரும்பினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கோல்.

இவர்களை வைத்துக்கொண்டுதான் சடையன் மாரடித்தான். பன்றிகளை ஆளுக்கோர் இடத்தில் நிற்க வைத்தான். முயலைத் தனியாக ஓட விடவில்லை. எறும்புத்தின்னியிடம் தினமும், "கண்ணைத் திற ராசா, பந்து கடிக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இதையெல்லாம் பார்த்தவள் ஒருத்தி உண்டு. புள்ளிமான் செவந்தி.

செவந்திக்குப் பின்னங்கால் ஒன்று ஊனம். வேடன் வைத்த கண்ணியில் மாட்டி, தப்பி வந்த கால். மற்ற மான்கள் முதலையைக் கண்டால் ஒரே தாவலில் கரையேறிவிடும். செவந்தியால் முடியாது. தென்கரை கடைசியாக வந்தால் மற்றவர்களுக்குக் கஷ்டம், அவளுக்கு உயிர். அதனால் ஒவ்வோர் ஆட்டத்தையும் இமை கொட்டாமல் பார்ப்பாள்.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். பிறகு மூன்று. எட்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். அந்த ஆட்டத்தில் பந்து ஏழு கால் மாறியது, எதிரியிடம் போகாமலே! எறும்புத்தின்னி இரண்டு முறை கண்ணைத் திறந்தபடி பந்தைப் பிடித்தது. மரத்தில் இருந்தவர்கள் தோல்வியை எண்ணினார்கள். செவந்தி அந்த ஏழு பாஸை எண்ணினாள்.

ஆட்டம் முடிந்ததும் நொண்டி நொண்டிச் சடையனிடம் போனாள்.

"அண்ணே, நம்மாளுங்க தேற இன்னும் எத்தனை ஆட்டம் ஆகும்?"

"அடுத்த ஆட்டத்துலயே புடிச்சிருவாங்க தாயி. தப்பினா அதுக்கடுத்தது."

"தோத்துட்டா நான் கீழ்மடுவுக்குப் போகணும்ணே. என் காலைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றான் சடையன். "உன் காலை நெனச்சுதான் எனக்குச் சோறு எறங்கல."

செவந்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவன் கைவிட மாட்டான் என்று நம்பினாள். சரியாகத்தான் நம்பினாள்.

மறுநாள் காலை கூத்தையன் ரசிகர் கூட்டத்தைக் கூட்டினான்.

தென்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு ஆட்டம் தோற்ற கோச்சைக் கருங்கல் ஒன்றின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். "இவர் இருக்கட்டும் என்கிறவர் முன்னால் வரலாம்" என்று மூன்று முறை கேட்பார்கள். ஒரே ஒருவர் முன்னால் வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் போதும். பருவம் முடியும் வரை அந்தக் கோச்சை யாரும் அசைக்க முடியாது. ஒருவரும் வராவிட்டால் பொழுது சாய்வதற்குள் அவர் ஓடையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் பத்து வருஷத்தில் எட்டுக் கோச்சுகளை அந்தக் கல்லில் ஏற்றியாகிவிட்டது. யாருக்காகவும் யாரும் முன்னால் வந்ததில்லை. கொக்கு போனது, நரி போனது, கரடி அழுதுகொண்டே போனது.

சடையன் கல்லில் ஏறி நின்றான். மரத்திலிருந்து நாவல் கொட்டைகள் பறந்து வந்து அவன் மேல் விழுந்தன.

"ஏழு தோல்வி! வெக்கமா இல்ல?" என்றது ஒரு குரங்கு.

"எங்க வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது!" என்றது இன்னொன்று. அது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தது. அணியின் மேல் அவர்களுக்கு உயிர்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உச்சிப்பாறையில் ஒரு சுனை உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. அவ்வளவு உயரம் ஏறக் குரங்கால்தான் முடியும். தென்கரை தோற்றால் குரங்குகளுக்கு மானம் போகும், தண்ணீர் போகாது.

கூத்தையன் கேட்டான்: "இவர் இருக்கட்டும் என்கிறவர் முன்னால் வரலாம்!"

யாரும் அசையவில்லை. பன்றிகள் தரையைப் பார்த்தன. முயல் காதைச் சொறிந்துகொண்டது.

"இரண்டாம் முறை கேக்கிறேன்! இவர் இருக்கட்டும் என்கிறவர் முன்னால் வரலாம்!"

செவந்தியின் முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து எழும்பியது. சடையன் அதைப் பார்த்துவிட்டான். கூத்தையனும் பார்த்துவிட்டான்.

சரசரவென்று கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான். "என்ன தங்கச்சி, கால் அரிக்குதா?" என்று இளித்தான். "தெனம் இந்த மரத்தடியில யார் உதிர்த்த தழையைத் தின்னு வளர்ந்தே? எங்க தழையைத் தின்னுட்டு அவன் பக்கத்துல போய் நிப்பியா?"

ஊனக்காலோடு தூரம் போய் மேய அவளால் முடியாது. குரங்குகள் உதிர்க்கும் கொழுந்துதான் அவளுக்குச் சாப்பாடு. நாளைக்கு அது நின்றுவிட்டால்? எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

'நான் ஒருத்தி போய் நிக்காட்டி என்ன, வேற யாராவது வராமலா போயிடுவாங்க?' என்று நினைத்தாள்.

"மூன்றாம் முறை!"

எழும்பிய கால் இருந்த இடத்திலேயே இறங்கியது.

சடையன் கல்லிலிருந்து இறங்கினான். போகும்போது எறும்புத்தின்னியிடம் மட்டும், "கண்ணைத் திறந்தே வச்சிரு ராசா" என்று சொல்லிவிட்டு, ஓடையைத் தாண்டிப் போய்விட்டான்.

புதுக் கோச்சாக மயில் வந்தது. அடேயப்பா, என்ன கம்பீரம்! தோகையை விரித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தபோது குரங்குகள் கிளைகளை உலுக்கி ஆர்ப்பரித்தன.

அடுத்த ஆட்டத்திலேயே வெற்றி! இரண்டுக்குச் சுழியம்! பந்து பதினோரு கால் மாறிப் போய் கோலில் விழுந்தது. எறும்புத்தின்னி கண்ணை மூடவே இல்லை. மயில் வந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. அது எதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

"பாத்தீங்களா! அந்த உடும்பைத் தொரத்தினதும் எப்படி ஆடறாங்க பாத்தீங்களா!" என்று கூத்தையன் குட்டிக்கரணம் போட்டான்.

செவந்திக்குத் தெரியும், அது யார் கொடுத்த வெற்றி என்று. அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோமே, இனி எதற்கு வம்பு?

மறுநாளிலிருந்து மயில் வேலையைத் தொடங்கியது. "என்ன இது, பந்தைக் கொடுத்துக் கொடுத்து வாங்கறீங்க? பாக்கிறவங்களுக்குத் தூக்கம் வராதா? ஓடு! அடி! ஜனங்க எதைக் கேக்கிறாங்களோ அதை ஆடு!"

மரத்தில் இருந்தவர்களுக்குப் பரம சந்தோஷம். பன்றிகள் பழையபடி முட்டிக்கொண்டன. முயல் பழையபடி தனியாக ஓடியது. பத்தாவது ஆட்டத்தில் தோல்வி. பதினொன்றாவதிலும் தோல்வி. இரண்டே ஆட்டம்தானே, மயிலை யார் கேட்கப்போகிறார்கள்?

நல்லவேளை, வடகரையும் அதற்கிடையில் எல்லாவற்றிலும் தோற்றிருந்தது. இரண்டு அணிக்கும் இரண்டிரண்டு வெற்றி. கடைசி ஆட்டம் இரண்டுக்கும் நடுவில்தான். தோற்கிறவர்கள் கீழ்மடுவுக்கு!

அன்று செவந்தி காலையிலிருந்து ஓர் இலைகூடத் தின்னவில்லை. ஆட்டம் முடியப்போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. வடகரைக் கீரி தூரத்திலிருந்து சும்மா ஒரு தட்டுத் தட்டியது. பந்து உருண்டு உருண்டு வந்தது. நத்தைகூட நிறுத்தியிருக்கும்!

"ஐயோ! புடி! விடு! அடி! விழு!" மரத்திலிருந்து நாற்பது குரல்.

எறும்புத்தின்னி நாலு பக்கமும் பார்த்தது. எதைக் கேட்பது? பயம் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுருண்டுவிட்டது. பந்து அதன் பக்கத்தில் மெதுவாக உருண்டு கோலுக்குள் போய் நின்றது.

சித்திரை பிறந்தது. தென்கரைக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினார்கள். குரங்குகள் உச்சிப்பாறைச் சுனைக்கு ஏறிப் போயின.

கீழ்மடுவின் ஓரத்தில் ஒரு பாறை. அதன் மேல் சடையன் இருந்தான். துரத்தப்பட்ட நாளிலிருந்து அதுதான் அவன் வீடு.

செவந்தி அவனைப் பார்த்ததும் தலை குனிந்தாள்.

"அண்ணே… அன்னிக்கு நான் ஒரு அடி எடுத்து வச்சிருந்தா…"

"ஆமா தாயி" என்றான் சடையன். "ஒரே ஒரு அடிதான். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"என் மேல கோவமா?"

"கோவம் இல்லாம எப்படி இருக்கும்? அதெல்லாம் கெடக்கட்டும். மொதல்ல தண்ணியக் குடி. நான் பாத்துச் சொல்றேன், முதலை எங்க இருக்கான்னு."

முதல் நாள் சொன்னான். குடித்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் நாளும் சொன்னான். மூன்றாம் நாள் வெயில் தாங்காமல் நூறு பிராணிகள் ஒரே நேரத்தில் மடுவில் இறங்கின. முட்டி மோதிக்கொண்டு ஒரே இரைச்சல்.

"செவந்தி! இந்தப் பக்கம் வா! வந்துரு!" என்று சடையன் கத்தினான். சின்னக் குரல். கூட்டத்தின் சத்தத்தில் மிகத் தாமதமாகத்தான் அவள் காதில் விழுந்தது.

எல்லாரும் சிதறி ஓடினார்கள். செவந்தியின் மூன்று கால்கள் ஓடின. நாலாவது கால் ஓடவில்லை. தண்ணீர் ஒரு முறை பொங்கி, அடங்கியது.

செய்தி நாவல் மரத்துக்குப் போனது.

"அடடா! ஒரு ஆட்டம்கூட விடாம வருவாளே! நல்ல ரசிகை!" என்று கூத்தையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாக் குரங்குகளும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. ஒரு நாவல் பழம் தின்கிற நேரம்தான். பிறகு கூத்தையன் தொண்டையைச் செருமினான்.

"எல்லாம் அந்த மயிலால வந்த வினை! ஏழு தோல்வி வரைக்கும் யாரு காத்திருக்கிறது? நாளைக்குக் காலைல எல்லாரும் கல்லுக்கிட்ட வந்துருங்க!"

கூச்சல் போட்டுக் கெடுக்கிறவன் மரத்தின் மேல் பத்திரமாக இருப்பான். எது சரி என்று தெரிந்திருந்தும் அதன் பக்கத்தில் போய் நிற்காமல் வாயை மூடிக்கொண்டவன்தான் அந்தக் கெடுதலின் பலனை முதலில் அனுபவிப்பான்.