நான்காவது பம்பு

மூன்றாவது பம்பும் கருகிப்போன மறுநாள் காலையில், நாச்சிமுத்து அதைக் கழற்றித் தோட்டத்துப் பக்கமாக விசிறி எறிந்தார். அது முட்டைக்கோஸ் பாத்தியில் போய் விழுந்தது. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைக்காடு முடிந்து சோலை ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்த மடம். மார்கழி வந்தால் விடியலில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்துக் கிடக்கும். அதனால் நோயாளிகள் படுத்திருந்த கூடத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியே கொட்டகையில் ஒரு விறகு பாய்லர். அதில் காயும் தண்ணீரை ஒரு பம்பு இழுத்து, கூடத்துத் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களுக்குள் தள்ளும். ஆறிய தண்ணீர் திரும்பவும் பாய்லருக்கே வந்து சேரும். பம்பு ஓடினால் தரை கதகதவென்று இருக்கும். பம்பு போய்விட்டால் கால் வைக்க முடியாது.

அங்கே ஜன்னலோரக் கட்டிலில் நாச்சிமுத்துவின் அண்ணன் மாரப்பன் படுத்திருந்தார். முப்பது வருஷமாக அந்த மடத்தில் துறவியாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. குளிர் பட்டு இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோயமுத்தூரில் ஓர் இல்லத்தில் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே மாரப்பன் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார்.

அந்த அண்ணனுக்காகத்தான் நாச்சிமுத்து மலை ஏறினார். ஊரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர். அறுபத்தோரு வயதில் பட்டறையை மகனிடம் விட்டார், கறியை விட்டார், காபியைக்கூட விட்டார். கோபத்தை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

மத்தியான பஸ்ஸில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. அவற்றைத் தூக்கிக்கொண்டு அவர் குருவிடம் போனார்.

குரு வடிவாம்பாளுக்கு நாற்பத்து நான்கு வயதுதான். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அப்போது ஒரு நோயாளியின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டு பம்பு வந்திருக்குதுங்க. எதை நம்பலாம்னு நீங்கதான் சொல்லோணும்."

"பம்பைப் பத்தி எனக்கு என்னங்கய்யா தெரியும்? நீங்க சொல்லுங்க."

"இது பித்தளை உடம்பு. எருமையாட்டம் உழைக்கும். ஆனா சத்தம் போடுமுங்க. இது வெளிநாட்டுச் சரக்கு. ஓடறதே தெரியாது. பம்பு இருக்கறது தியானக் கூடத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம். அதனால இதுதான் சரின்னு எனக்குப் படுது."

"முன்னாடி மூணு போச்சே. அதெல்லாம் எதனால போச்சு?"

"பேரிங் கருகிருச்சுங்க. கடைக்காரன் என் தலையிலயே மொளகா அரைச்சுட்டான். இல்லைன்னா அந்த போஜன் விறகைக் கண்டபடி திணிச்சிருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?"

போஜன் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். பக்கத்து மலைக் கிராமமான ஹட்டியைச் சேர்ந்தவர், ஐம்பது வயது தாண்டியவர். நாச்சிமுத்து அவரை 'டேய்' என்றே கூப்பிடுவார்.

"எந்த நேரத்துல போச்சு?" என்று கேட்டார் வடிவாம்பாள்.

"நேரமுங்களா?"

"காய்ச்சல்னு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல அதைத்தான் கேப்போம். காலையிலயா, சாயந்தரமா?"

நாச்சிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மா பம்புக்கு ஜாதகம் கேட்கிறாரே!

"சாயந்தரமுங்க. மூணுமே ஏழு மணிவாக்குல. நேரத்துக்கும் பம்புக்கும் என்னங்க சம்பந்தம்?"

வடிவாம்பாள் நகவெட்டியை மடக்கி வைத்தார்.

"பித்தளையை மாட்டுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரச் சொல்லியிருக்கேன். இதுவும் போச்சுன்னா மாரப்பரைக் கீழே அனுப்பறதைத் தவிர வேற வழியில்லை."

"சரிங்க."

"இன்னொண்ணு. இன்னிக்கு ஆறு மணி மௌன வேளைக்கு நீங்க தியானக் கூடத்துக்கு வர வேண்டாம். கொட்டகையில பம்பு பக்கத்துல உக்காருங்க. எங்க உக்காந்தாலும் மௌனம் மௌனம்தான். ஏழு மணி அடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. எதுலயும் கை வைக்கவும் கூடாது."

"ஏதாவது ஆயிப்போச்சுன்னா?"

"பாத்துக்கிட்டு இருங்க."

நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

நாலு மணிக்குப் பம்பை மாட்டினார். குழாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த போஜன் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"நீ சொல்லித்தான் எனக்குப் பம்பு தெரியோணுமாடா? வாயை மூடிக்கிட்டுக் குழாயை நேராப் பிடி."

போஜன் நேராகப் பிடித்தார்.

சுவிட்சைப் போட்டதும் பம்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. அரை மணி நேரத்தில் தரையில் சூடு ஏறிவிட்டது. நாச்சிமுத்து கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். மாரப்பன் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தார். தம்பியைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். இதையும் எவனாவது கெடுக்கட்டும், தோலை உரித்துவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார்.

ஆறு மணிக்கு மௌன மணி அடித்தது. மடம் முழுக்கப் பேச்சு நின்றது.

போஜன் எழுந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். போய், பம்பின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து பாதி எழுந்துவிட்டார். வாய் திறந்தது, குருவின் சொல் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டது. கண்ணாலேயே போஜனைச் சுட்டுவிடுவது போலப் பார்த்தார். கையை நீட்டிச் சுவிட்சைக் காட்டினார். போஜன் பணிவாகத் தலையை ஆட்டினார். அணைத்தாயிற்று, கவலைப்பட வேண்டாம் என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

பாவி! மூன்று பம்பையும் தின்றவன் இவன்தானா? நாச்சிமுத்துவுக்குக் காதெல்லாம் கொதித்தது. ஏழு அடிக்கட்டும், இவனை இந்த மலையிலேயே இல்லாமல் செய்கிறேன். உள்ளுக்குள் அவர் போஜனைத் திட்டிய திட்டில் பாதிக்குமேல் பட்டறைக்காலத்து வார்த்தைகள்.

பம்பு நின்றதே தவிர, நெருப்பு நிற்கவில்லை. போஜன் இரண்டு கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார். மற்றவை கனன்றுகொண்டே இருந்தன. கால் மணி நேரத்தில் பாய்லருக்குள் டொக், டொக் என்று யாரோ தட்டுவது போலக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாய்லர் முழுக்க நடுங்கியது. மேலே இருந்த ஆவிக்குழாய் சீறி, கொதிக்கும் தண்ணீரைக் கூரை மேல் கக்கியது. நாச்சிமுத்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையிலேயே மிக நீளமான ஒரு மணி நேரம் அதுதான்.

ஏழு மணி அடித்தது. போஜன் சுவிட்சைப் போட்டார்.

தண்ணீருக்குப் பதிலாக ஆவியை இழுத்த பம்பு கீச்சென்று அலறியது. நாச்சிமுத்து ஒரே பாய்ச்சலில் போய் அதை அணைத்தார். கருகுகிற வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தார். வரவில்லை. இன்னும் கால் நிமிஷம் விட்டிருந்தால் வந்திருக்கும்.

"டேய்!" கொட்டகை அதிர்ந்தது. "எவன்டா உன்னைப் பம்பை நிறுத்தச் சொன்னது?"

போஜன் பின்னால் நகர்ந்தார்.

"சொல்லுடா! எவன் சொன்னான்?"

"நீங்கதானுங்க."

"நானா?"

"போன மார்கழியிலங்க. மௌனத்துல உக்கார முடியல, சுவத்துக்கு அந்தாண்ட வண்டு குடையற மாதிரி சத்தம் வருதுன்னு வந்து கத்துனீங்க. ஆறுல இருந்து ஏழு வரைக்கும் அந்தச் சத்தம் என் காதுல விழுந்துச்சு, உன்னைத் தொலைச்சுப்புடுவேன்னீங்க. அன்னியிலிருந்து தினமும் நிறுத்தறேனுங்க, நெருப்பு கம்மியா இருந்த நாளெல்லாம் பம்பு தப்பிச்சுச்சு."

நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வந்தது. கோபத்தில் கத்தியது, மறுநாளே மறந்துபோனது. அதற்கப்புறம் மௌனத்தில் உட்கார்ந்தபோது சத்தம் கேட்கவில்லை. தன் மனம் அடங்கிவிட்டது என்றே நினைத்தார். குருவிடம்கூட அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வடிவாம்பாள் "அப்படிங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முகம் எரிந்தது. எரிந்த வேகத்தில் மறுபடியும் கத்தினார்.

"நிறுத்துனா தண்ணி கொதிச்சு ஆவியாகுது, பம்பு சாகுதுன்னு உனக்குத் தெரியுமல்ல? அதைச் சொல்றதுக்கு என்னடா கேடு?"

"மூணு பம்புக்கும் சொல்ல வந்தேனுங்க, ஐயா." போஜனின் குரல் உயர்ந்தது. அவருக்கும் கோபம் இருந்தது. "நாலு மணிக்குக்கூட வந்தேனுங்களே."



வாசலில் வடிவாம்பாள் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அம்மா..." என்றார் நாச்சிமுத்து. "இப்ப என்ன பண்றது? தரை ஆறிக்கிட்டே இருக்குதுங்க."

"போஜனைக் கேளுங்க."

நாச்சிமுத்து திரும்பினார். திரும்புவதற்கு வெகு நேரம் ஆனதுபோல அவருக்குத் தோன்றியது.

"என்ன பண்ணலாம்... போஜன்?"

"பாய்லர் கதவைச் சாத்தி நெருப்பை அடக்கோணுமுங்க. கொதி அடங்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விட்டு, குழாயில இருக்கற ஆவியை வெளியே விடோணும். அது போனப்புறம் பம்பைப் போடலாமுங்க."

"நீங்க சொல்லுங்க. நான் செய்யறேன்."

போஜன் சொல்லச் சொல்ல, முப்பது வருஷப் பட்டறைக்காரர் வால்வைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சுடுதண்ணீர் தெறித்து முழங்கையில் கொப்புளம் எழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் போஜன் "இப்பப் போடுங்க" என்றார். பம்பு ஒரு தடவை செருமியது, பிறகு பழையபடி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நாச்சிமுத்து குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். சூடு கூடத்துப் பக்கமாக நகர்ந்து போவது கைக்குத் தெரிந்தது.

"நாளைக்கு வண்டி வந்தா?" என்று கேட்டார், திரும்பிப் பார்க்காமல்.

"விறகு ஏத்திக்கிட்டு வரச் சொல்லியனுப்பலாம்," என்றார் வடிவாம்பாள்.

பம்பு உறுமிக்கொண்டே இருந்தது. பித்தளை அல்லவா, சத்தம் பலமாகவே இருந்தது. நாளைக்கு மௌன வேளையிலும் இது இப்படித்தான் ஓடும் என்று நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. மூலையில் இருந்த இன்னொரு அட்டைப்பெட்டியின் மேல் அவர் பார்வை போனது.

"அம்மா, ராத்திரி இது ஓடட்டும். காலையில கழட்டிட்டு அந்தச் சத்தம் போடாததை மாட்டிரட்டுங்களா? தியானத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத் தொந்தரவு இருக்காதுங்க."

வடிவாம்பாள் போஜனைப் பார்த்தார். அவர் குனிந்து, வெளியே இழுத்துப் போட்டிருந்த கட்டைகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்கய்யா," என்றார் வடிவாம்பாள். "சத்தம் போடறதே இருக்கட்டும். நின்னுபோனா நமக்குத் தெரியணுமில்ல."