மூணாவது கிலோமீட்டர்

"மேஸ்திரி, இந்த வண்டியைக் கொளுத்தப் போறேன்."

"கொளுத்தும். பெட்ரோல் இருக்கா?"

"டேங்க் நிறைய இருக்கு."

"அப்ப தீப்பெட்டிதான் வேணும். அந்தா, மாதா படத்துக்குப் பின்னால கிடக்கு."

பலவேசம் தீப்பெட்டியை எடுக்கவில்லை. வண்டியை ஓங்கி உதைத்தார். வலித்தது அவருக்குத்தான்.

அறுபத்து மூன்று வயது. தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் மெக்கானிக் சூசை மேஸ்திரி வீட்டு ஷெட்டுக்கு வந்து தன் வண்டியில் வேலை பழகுகிறார். மேஸ்திரி எட்டு வயது இளையவர். அதற்காகத் திட்டுவதில் குறை வைப்பதில்லை.

வண்டி எழுபத்தொன்பதாம் வருஷத்து மோட்டார் சைக்கிள்.

"என்ன செய்யுது?"

"மூணு கிலோமீட்டர் ஓடுது. நிக்குது. உதைச்சா எடுக்கல. தள்ளிக்கிட்டு இங்க வந்து உதைச்சா எடுக்குது. என்னைக் கேலி பண்ணுது, மேஸ்திரி."

"எப்ப இருந்து?"

"இசக்கியப்பன் வாங்கிட்டுப் போனதுல இருந்து."

இசக்கியப்பன் பக்கத்து வீடு. முப்பது வருஷச் சிநேகம். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒரு நாள் வண்டி கேட்டார். கொட்டுகிற மழையில் திரும்பி வந்தார். டேங்கில் தண்ணீர் இறங்கியிருந்தது.

பலவேசம் அவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். வாயில் வந்ததெல்லாம் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் இசக்கியப்பன் வீட்டுக்குள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரும் கையுமாக வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

இசக்கியப்பன் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றோடு பேச்சு நின்றது.

"இன்னைக்குத்தான் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம்."

"போகலையா?"

"போகமாட்டேன். ஆனா அந்த மண்டபத்து வாசல் வழியா வண்டியில போவேன். முறுக்கிக்கிட்டுப் போவேன். அவன் வாசல்ல நின்னு கும்பிடு போடுவான்லா, அப்ப பார்க்கணும். நிக்காமப் போவேன்."

"மண்டபம் எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"உம்ம வண்டி ஓடுறது மூணு."

"அதுக்குத்தானே வே உம்மகிட்ட வந்திருக்கேன்!"

மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"புதுப் பிளக்."

"இது?"

"புதுக் காயில். கண்டன்சரும் புதுசு. கார்புரேட்டரைக் கழட்டி மூணு தடவை கழுவிட்டேன்."

"ஒண்ணு மாத்தி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததை மாத்தினீரா?"

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திட்டேன்."

ஸ்பேனர் பறந்தது. பலவேசம் குனிந்தார். அது தகரத்தில் மோதி விழுந்தது.

"ரெண்டு வருஷமா என்னத்தைப் படிச்சீரு? கோவத்துல ஸ்பேனரை எடுக்காதீரும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"இப்ப எடுத்தது யாரு?"

"எறியலாம். போல்ட்ல வைக்கக் கூடாது."

பலவேசம் கிரீஸ் கையைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை இழுத்தார். கெட்டிக் காகிதம். நாலு மூலையிலும் மஞ்சள். உறை பிரிக்கப்படவில்லை.

மேஸ்திரி அதைப் பிடுங்கினார்.

"கல்யாணப் பத்திரிகையிலயா வே கரியைத் துடைக்கீரு?"

"ஜன்னல் கம்பியில சொருகிட்டுப் போயிருக்கான். நான் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்து."

"இருந்தா வாங்கியிருப்பீராக்கும்."

மேஸ்திரி பத்திரிகையை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

"வண்டி நின்ன இடத்துல என்ன பார்த்தீரு?"

"என்னத்தைப் பார்க்க? ரயில்வே கேட்டுல ஊரே நின்னு வேடிக்கை பார்க்குது. நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டுத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

"மூணு கிலோமீட்டர்?"

"மூணு கிலோமீட்டர்."

"நோவு வழியிலேயே தீர்ந்துபோவுது. ஆளை மட்டும் இங்க கூட்டிட்டு வாறீரு. நான் என்னத்தைப் பார்க்க? ஸ்டார்ட் பண்ணும்."

ஒரே உதை. எடுத்தது.

"பார்த்தீரா? கேலி!"

"வாயை மூடும். ஆக்சிலேட்டரைப் பிடியும். நிக்கிற வரைக்கும் விடாதீரும்."

மேஸ்திரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

வண்டி நின்ற இடத்திலேயே ஓடியது. ஷெட்டு முழுக்கப் புகை. மேஸ்திரியின் மனைவி சமையலறை ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

"மணி ஒன்பதரை ஆயிட்டு, மேஸ்திரி."

"ஆகட்டுமே. நீருதான் போகலையே."

பலவேசம் பல்லைக் கடித்தார். பிடியை விடவில்லை.

கால் மணி நேரம் ஆனது. வண்டி இருமியது. திணறியது. நின்றது.

பலவேசம் பிளக்கைக் கழற்றப் பாய்ந்தார். மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

"தொடாதீரும்! ஒண்ணையும் தொடாதீரும். டேங்க் மூடியை மட்டும் திறவும்."

திறந்தார்.

உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

"இப்ப உதையும்."

ஒரே உதை. எடுத்தது.

மேஸ்திரி வண்டியை அணைத்தார். மூடியை வாங்கித் திருப்பினார். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. கல்லாய் இறுகிப்போன ஒட்டுப்பசை.

"பெட்ரோல் கீழ இறங்கணும்னா மேல காத்து போகணும். அது போற வழி இதுதான். இதை அடைச்சது யாரு?"

பலவேசம் மூடியைப் பார்த்தார்.

"இசக்கியப்பனா?"

பலவேசம் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து வைத்தார்.

"உம்மகிட்டதான் வே கேக்கேன்!"

"நான்தான்."

"எப்ப?"

"அன்னைக்குத்தான். அவனைத் திட்டிட்டு வந்த சூட்டோட. இனி எவன் மழையில எடுத்துட்டுப் போனாலும் ஒரு சொட்டு உள்ள இறங்கக் கூடாதுன்னு."

"இறங்காது. நல்லா அடைச்சிருக்கீரு."

மேஸ்திரி ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். கோபமாகத்தான் தட்டினார். ஆனால் நாலே தட்டு. உளுந்து அளவுக்குப் பசைத்துண்டு ஒன்று தெறித்து விழுந்தது. மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். டேங்கில் போட்டுத் திருகினார்.

பலவேசம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு மாதா படத்துக்கு முன்னால் போய்ப் பத்திரிகையை எடுத்தார். உறையைப் பிரித்தார்.

நின்றபடியே படித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் மேஸ்திரி.

"தங்கள் நல்வரவை விரும்பும்னு..."

"எல்லாப் பத்திரிகையிலயும் அதுதான் போட்டிருக்கும்."

"அதுக்குக் கீழ என் பேரு இருக்கு."

மேஸ்திரி குனிந்தார். தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பலவேசம் வண்டியை வாசலுக்கு உருட்டினார். ஏறி உட்கார்ந்தார். மணி பத்து.

"மேஸ்திரி."

"என்ன?"

"மண்டபத்து வாசல்ல நிறுத்தினா, திரும்ப எடுக்குமா?"

"எடுக்கும்."

"வெறுங்கையோட எப்படி வே போறது?"

"கையை நீட்டும்."

நீட்டினார்.

மேஸ்திரி அந்தப் பசைத்துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை இறுக மூடினார்.

"மொய்."