குன்றில் வெட்டிய மான்

சுண்ணாம்புக் குன்றின் சரிவில் ஒரு வெள்ளை மான் உண்டு. போர் முடிந்தபின், ஊர் திரும்ப ரயில் கிடைக்காமல் முகாமிட்டிருந்த சிப்பாய்கள் வெட்டியது. புல்லைச் செதுக்கி, அடியிலிருந்த வெள்ளைப் பாறை தெரியும்படி செய்திருந்தார்கள். செத்துப்போன பதினான்கு தோழர்களின் நினைவாக. பாயும் மான் அவர்களுடைய படைப்பிரிவின் சின்னம்.

வெட்டியவர்களில் ஒருவர் மாசிலாமணி. நாற்பது வருஷம் கழித்து, மனைவி இறந்தபின், அடிவாரத்திலிருந்த மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவைவிட அவருக்குப் பத்து வயது அதிகம். மழைக்காலம் முடிந்ததும் தனியாக ஏறி, மான்மேல் முளைத்த புல்லைச் செதுக்கிவிட்டு வருவார். அப்படிப் பன்னிரண்டு வருஷம்.

அந்த வருஷம் முழங்கால் மடங்க மறுத்தது.

"சுவாமி, நான் ஏறாவிட்டால் இரண்டு மழையில் புல் மூடிவிடும். அப்புறம் அவர்களை யார் நினைப்பார்கள்?"

குரு மண்வெட்டியை எடுத்தார். "நான் ஏறுகிறேன். எங்கே செதுக்குவது என்று சொல்லுங்கள்."

"மேலே நிற்பவருக்கோ, இங்கே அடிவாரத்தில் நிற்பவருக்கோ மான் முழுசாகத் தெரியாது சுவாமி. எங்களுக்கும் தெரியவில்லை. எத்திராஜ் என்று ஒருவன், எதிர் வயலில் நின்று சிவப்புத் துணி ஆட்டுவான். அவன் காட்டிய பக்கம் வெட்டுவோம். 'காது வெட்டச் சொன்னால் மூக்குக்குப் போயிட்டீங்களேடா' என்று திட்டுவான். வெட்டியதைவிடச் சிரித்ததுதான் அதிகம்."

"அவர் இப்போது எங்கே?"

"இல்லை சுவாமி. நான் இங்கே வருவதற்கு முந்தின வருஷம் போய்விட்டான். அதுவரை வருஷாவருஷம் ஆள் வைத்துச் செதுக்கியது அவன்தான்."

"அப்படியானால் துணியை நீங்கள் ஆட்டுங்கள்."

எத்திராஜ் நின்ற அந்த வயலுக்கு மாசிலாமணி இத்தனை வருஷமும் போனதில்லை. இன்று மேல்துண்டோடு போய் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

குரு மேலே காத்திருந்தார். துண்டு அசையவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் அவரே இறங்கி வயலுக்கு வந்தார்.

"என்ன ஆயிற்று?"

"கெடுத்துவிட்டேன் சுவாமி."

"எதை?"

"நாங்கள் வெட்டியபோது அது பாய்ந்துகொண்டிருந்தது. கால்கள் பின்னால் நீண்டிருக்கும். நான் மேலே நின்று, உருவம் தெரியாமல், ஓரத்தைச் செதுக்கிச் செதுக்கிக் கால்களைக் கீழே இறக்கிவிட்டேன். பாருங்கள், நின்றுகொண்டிருக்கிறது. எத்திராஜ் இருந்திருந்தால் விட்டிருப்பானா?"



குரு குன்றை நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டி எத்தனை வருஷம் ஆகிறது?"

"ஐம்பத்திரண்டு."

"களைத்திருக்கும்," என்றார் குரு. "நிற்கட்டும். அப்படியே செதுக்குகிறேன். நீங்கள் துணியை ஆட்டுங்கள்."